மனவடு பட்டவர்களுக்கு மென்மையான யோகா: கண்ணை மூடச் சொல்லலாமா?

பனையடி (கிளிநொச்சி)

வணக்கம். கிளிநொச்சி மாவட்டத்துக் கிராமமொன்றில், மாதர் சங்கக் கட்டடத்தில், சனிக்கிழமை பின்னேரங்களில் பெண்களுக்கு யோகா சொல்லிக்கொடுக்கிறேன். சென்னையில் ஓராண்டு பயின்றுவிட்டு ஊர் திரும்பியவள். வகுப்புக்கு 14 பேர் வருகிறார்கள். பெரும்பாலோர் நாற்பதைத் தாண்டியவர்கள். 2009இல் இறுதிப் போரின் ஊடாக நடந்து வந்தவர்கள். முழங்கால் வலி, இடுப்பு வலி, இரவில் நித்திரை இல்லை என்று சொல்லித்தான் ஒவ்வொருவரும் பெயர் கொடுத்தார்கள். மனவடு என்ற சொல்லை அவர்களும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

மூன்றாம் வாரம் நடந்ததைச் சொல்கிறேன். இடுப்புக்கு இதமாக இருக்கும் என்று நினைத்து, எல்லோரையும் குப்புறப் படுத்து, நெற்றியைக் கைகளின் மேல் சாய்த்து, மகராசனத்தில் இளைப்பாறச் சொன்னேன். கட்டடத்து மின்விசிறி பழையது, கடகடவென்று சத்தம் போடும். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. சுவரோரம் படுத்திருந்த அம்மா ஒருவர் எழுந்து, செருப்பையும் போடாமல் முற்றத்துக்குப் போய்விட்டார். பின்னால் போய் என்னவென்று கேட்டேன். "பிள்ளை, இப்பிடிக் குப்புறக் கிடந்துதான் மாத்தளனில நாங்கள் தப்பினனாங்கள்" என்றார். மாத்தளன், இறுதிப் போரில் மக்கள் சிக்கியிருந்த முல்லைத்தீவுக் கடலோரம். அவர் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த சனிக்கிழமை அவர் வரவுமில்லை.

நான் படித்த இடத்தில் மகராசனம் என்றால் ஓய்வு, சவாசனம் என்றால் அதைவிடப் பெரிய ஓய்வு, அவ்வளவுதான் பாடம். இந்த வகுப்பைத் தொடரலாமா, தொடர்வதானால் எதை எதை மாற்றவேண்டும் என்று அறிந்தவர்கள் சொல்லவேண்டும். என் பிழையை மூடி மறைக்க வரவில்லை. அதே பிழையை இன்னொருவரிடம் செய்துவிடக் கூடாது என்றுதான் கேட்கிறேன்.

மூச்சுக்கணக்கு (சென்னை)

பனையடி அவர்களே, உங்கள் பிழை என்று இதைச் சொல்லமாட்டேன். பதினான்கு பேருக்கு ஒரே ஆசனத்தை ஒரே நேரத்தில் கொடுக்கும் வகுப்பு முறையின் பிழை இது. யோகா ஆசான் கிருஷ்ணமாச்சாரியா சென்னையில் கற்பித்த காலத்திலும், பிறகு அவருடைய மகன் தேசிகாச்சார் 1976இல் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரம் என்ற பள்ளியிலும், ஒருவருக்கு ஓர் ஆசிரியர், அவரவர் உடலுக்கும் வயதுக்கும் நிலைமைக்கும் ஏற்ற பயிற்சி என்பதுதான் அடிப்படையாக இருந்தது. ஆசனத்துக்காக ஆளை வளைப்பதில்லை, ஆளுக்காக ஆசனத்தை மாற்றுவார்கள். அந்தப் பள்ளியில் படித்தவன் என்பதால் எனக்கு இதில் ஒரு சார்பு உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கிராமத்தில் தனித்தனியாகக் கற்பிக்க நேரம் இருக்காது என்பது புரிகிறது. அப்படியானால் குழுவிலேயே சிலவற்றைச் செய்யலாம். முதலாவது, படுக்கையைத் தள்ளிவைத்துவிட்டு நாற்காலியிலிருந்து தொடங்குங்கள். இரு பாதங்களும் தரையில் பதிந்திருக்க, கைகளைத் தொடையில் வைத்து, மூச்சு உள்ளே வரும்போது ஒரு கையை மட்டும் உயர்த்தி, வெளியே போகும்போது இறக்குவது போன்ற சிறிய அசைவே போதும். அசைவு மூச்சைத் தானாக நீட்டிவிடும். மூச்சைக் கவனி, மூச்சைக் கவனி என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை. மூச்சை உள்ளிழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று விரைவதும் வெளிவிடும்போது சற்றுத் தணிவதும் இயல்பு. வெளிமூச்சு உள்மூச்சைவிடக் கொஞ்சம் நீண்டால் அந்தத் தணிவுக்குக் கூடுதல் இடம் கிடைக்கிறது. நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுவது பலருக்குப் பொருந்தும், ஆனால் அந்த எண்ணிக்கை எட்டவேண்டிய இலக்கு அல்ல.

இரண்டாவது, கபாலபாதி, பஸ்திரிகா, கும்பகம் மூன்றையும் இவர்களிடம் எடுக்கவே வேண்டாம். வேகமான மூச்சும் அடக்கிய மூச்சும், பீதி வரும்போது உடல் தானாகச் செய்வதைப் போலவே இருப்பவை. தலை கிறுகிறுத்து, நெஞ்சு படபடத்து, கை விரல் மரத்துப்போனால், உடல் அதைப் பயிற்சி என்று எடுத்துக்கொள்ளாது.

மூன்றாவது, ஏவல் வினையை விட்டுவிடுங்கள். "கண்களை மூடுங்கள்" என்பதற்குப் பதிலாக "விரும்பினால் கண்களை மூடலாம்" என்று சொல்லிப் பாருங்கள்.

ஆறாம் வார்டு (கோயம்புத்தூர்)

நான் மருத்துவ உளவியலாளர். யோகா ஆசிரியர் அல்லன். நண்பர் மேலே சொன்ன மூன்றில் கடைசியானது, என் துறையில் இருந்து பார்த்தால், முதலில் வரவேண்டியது.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் புரூக்லைனில் டேவிட் எமர்சன் என்பவரும் மனநல மருத்துவர் பெசல் வான் டெர் கோல்க்கும் சேர்ந்து, மனவடு பட்டவர்களுக்கென்றே ஒரு யோகா முறையை உருவாக்கினார்கள். அதில் ஆசனங்கள் புதியவை அல்ல. கட்டளை கிடையாது, அழைப்பு மட்டும். ஆசிரியர் யாரையும் தொட்டுத் திருத்துவதில்லை. எந்த வடிவத்துக்கும் மாற்று உண்டு. உடலுக்குள் என்ன உணர்கிறது என்பதைக் கவனிக்கச் சொல்வார்கள், ஆனால் அதைச் சொல்லியாகவேண்டும் என்று கேட்கமாட்டார்கள். இந்த முறையைச் சோதித்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. சிகிச்சை பெற்றும் நெடுங்காலமாகக் குணமாகாத 64 பெண்களை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு வாரம் ஒரு மணி நேர யோகா, மற்றதற்குப் பெண்கள் உடல்நலக் கல்வி என்று 10 வாரம் நடத்தினார்கள். முடிவில் மதிப்பிடப்பட்டவர்களில், யோகாக் குழுவில் 31 பேரில் 16 பேர் மனவடு நோய்க்கான (PTSD) வரையறையிலிருந்து வெளியே வந்திருந்தார்கள். மற்ற குழுவில் 29 பேரில் 6 பேர். கவனிக்கவேண்டியது, அந்த ஆய்வே யோகாவைத் துணைச் சிகிச்சையாகத்தான் வைத்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2013இல் இந்நோய்க்கென வெளியிட்ட வழிகாட்டுதல் முன்வைப்பதும் மனவடுவை மையமாகக் கொண்ட பேச்சுச் சிகிச்சைகளையும், கண்களை இடவலமாக அசைத்தபடி நினைவைக் கையாளும் கண்ணசைவுச் சிகிச்சையையும் (EMDR)தான்.

அமெரிக்கப் படையில் நேர்ந்த பாலியல் வன்முறையால் பாதிக்கப்பட்ட முன்னாள் பெண் படையினர் 131 பேரிடம் நடத்திய ஆய்வு 2023இல் வந்தது. அங்கே யோகா, நன்கு நிறுவப்பட்ட ஒரு பேச்சுச் சிகிச்சைக்கு ஈடாகவே பலன் தந்தது. எனக்கு அதில் பெரிதாகப் பட்டது வேறு: சிகிச்சையை இறுதிவரை முடித்தவர்கள் யோகாவில் ஏறத்தாழ 60 விழுக்காடு, பேச்சுச் சிகிச்சையில் ஏறத்தாழ 35 விழுக்காடு. நடந்ததைச் சொல்லச் சொன்னால் பாதியில் நின்றுவிடுகிறவர்கள், சொல்லவேண்டாம் என்றால் வந்துகொண்டிருக்கிறார்கள்.

எச்சரிக்கை ஒன்று. மனவடு எல்லோரிடமும் படபடப்பாகவே வெளிப்படுவதில்லை. சிலர் மரத்துப்போவார்கள், அமைதியாகப் படுத்திருப்பதுபோலத் தெரியும், ஆனால் அங்கே இருக்கமாட்டார்கள். கூப்பிட்டால் தாமதமாகத் திரும்புவார்கள், முகம் வெளிறியிருக்கும். அப்படிப்பட்டவரை மேலும் படுக்கவைத்து ஓய்வெடுக்கச் சொல்வது அந்த மரப்பை ஆழப்படுத்தும். எழுந்து நிற்கவைத்து, பாதத்தைத் தரையில் அழுத்தி, சுவரை உள்ளங்கையால் தள்ளச் செய்து, அறையில் உள்ள நீல நிறப் பொருள்களின் பெயரைக் கேளுங்கள். மருந்து எடுப்பவர் எவரும் யோகாவை நம்பி அதை நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உப்பங்கழி (நாகப்பட்டினம்)

இந்த மன்றத்தில் பல ஆண்டுகளாக வாசிக்கிறேன், எழுதியதில்லை. இந்த இழைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு நாங்கள் தார்ஷீட்டுக் கொட்டகைகளில் இருந்தோம். பகலில் உள்ளே நிற்க முடியாத வெக்கை. வெளியூரிலிருந்து பல குழுக்கள் வந்து போயின. ஒரு குழு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தது. நல்ல பிள்ளைகள், பொறுமையானவர்கள். இரண்டாம் நாள் ஒரு பெண், தொண்டையைச் சற்றே இறுக்கி மூச்சு விடும் முறையைக் காட்டினார். உஜ்ஜாயி என்று அதற்குப் பெயர் என்பது பின்னாளில்தான் தெரியும். "கண்ணை மூடிக்கொண்டு, தூரத்தில் கடல் அலை சத்தம் கேட்பதுபோல மூச்சு விடுங்கள்" என்றார்.

முப்பது பேர் ஒன்றாக அந்தச் சத்தத்தை எழுப்பினோம். என் பக்கத்தில் இருந்த சித்தி என் மணிக்கட்டைப் பிடித்தார்; நகம் பதிந்த தடம் மறுநாளும் இருந்தது. யாரும் எழுந்து போகவில்லை. அதுதான் கவனிக்கவேண்டியது. வந்தவர்கள் மனம் புண்படக் கூடாது என்று, அரிசி கொடுத்தவர்களுக்கும் பாய் கொடுத்தவர்களுக்கும் தலையாட்டியதுபோல, இதற்கும் உட்கார்ந்திருந்தோம். பனையடி டீச்சர், உங்கள் வகுப்பிலிருந்து அந்த அம்மா எழுந்து போனாரே, அது உங்கள் வகுப்பின் பெருமை என்று நான் சொல்வேன். எங்களுக்கு அந்தத் தைரியம் இல்லை.

இன்னொன்று, சென்னை நண்பருக்கு. "மூடலாம்" என்று சொன்னால் கட்டளை போய்விடும் என்கிறீர்கள். எங்கள் பள்ளியில் டீச்சர் "புத்தகத்தை எடுக்கலாம்" என்றால் எடு என்று அர்த்தம். அதிகாரி "நீங்கள் போகலாம்" என்றால் எழுந்து நட என்று அர்த்தம். தமிழில் மேலே நிற்பவர் வாயிலிருந்து வரும் "லாம்" அவ்வளவு லேசானது இல்லை.

எல்லாவற்றையும் மீறி, மூச்சை நான் விடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அந்தக் குழு போன பிறகு, சத்தமில்லாமல், கண்ணைத் திறந்துகொண்டு, வலை பின்னும்போது ஒரு முடிச்சுக்கு ஒரு மூச்சு என்று நானாகச் செய்துகொண்டேன். அதில்தான் தூக்கம் திரும்பியது.

மூச்சுக்கணக்கு (சென்னை)

"லாம்" பற்றி நீங்கள் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். இருபது ஆண்டுகளாகக் கற்பிக்கிறேன்; உஜ்ஜாயியைக் கடலோசை என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. இனி அந்த உவமையை எடுக்கமாட்டேன்.

ஆறாம் வார்டு (கோயம்புத்தூர்)

உப்பங்கழி அம்மா, எழுதியதற்கு நன்றி. உங்கள் மாவட்ட முகாம்களிலேயே 183 பேரிடம் நடத்திய ஒரு ஆய்வு 2010இல் வெளியானது. நீங்கள் சொன்ன குழுவுக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதாக நான் சொல்லவரவில்லை. ஒரு பிரிவினருக்கு மூச்சுப் பயிற்சி மட்டும், இன்னொரு பிரிவினருக்கு மூச்சுப் பயிற்சியோடு நடந்ததை எடுத்துச் சொல்லும் ஆலோசனை, மூன்றாம் பிரிவினர் ஆறு வாரம் காத்திருப்பு. மனவடு அறிகுறிகளை அளக்கும், 17 முதல் 85 வரை செல்லும் அளவுகோலில், மூச்சுப் பயிற்சி செய்தவர்களுக்கு ஏறத்தாழ 42 புள்ளிகள் இறங்கின. காத்திருந்தவர்களுக்கு 5க்கும் குறைவு. ஆலோசனை சேர்ந்ததால் கூடுதல் பலன் தெரியவில்லை.

இந்த எண்ணைக் கூட்டங்களில் மேற்கோள் காட்டுகிறார்கள். நான் காட்டுவதில்லை. முகாம் முகாமாகத்தான் பிரித்தார்கள், ஆள் ஆளாகக் குலுக்கிப் பிரிக்கவில்லை. 42 புள்ளி என்பது நம்புவதற்கே பெரிதாக இருக்கிறது. வந்தவர்கள் மனம் புண்படக் கூடாது என்று உட்கார்ந்திருந்தோம் என நீங்கள் எழுதிய வரியைப் படித்த பிறகு, கேள்வித்தாளுக்கும் அப்படிப் பதில் சொன்னவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வி எனக்கு வருகிறது. முடிச்சுக்கு ஒரு மூச்சு என்பதை எந்த அளவுகோலும் பதிந்திருக்காது.

குறுக்குக்கேள்வி (ரொறன்ரோ)

எல்லோரும் மூச்சைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் முல்லைத்தீவுக்காரன். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் கந்தசாமி கோவில் முன்றலில் பதில் கேட்டுப் போராட்டத்தில் அமர்ந்தார்கள். மகனைத் தேடித் தேடியே பல தாய்மார் இறந்தும் போய்விட்டார்கள். முடிந்துபோன ஒரு நிகழ்வுக்குப் பின் வருவதுதானே நீங்கள் சொல்லும் நோய்? இவர்களுக்கு எது முடிந்தது? பதில் கேட்பவளிடம் மூச்சை விடு, அமைதியாகு என்று சொல்வது, பதில் சொல்லவேண்டியவர்களுக்கு வசதியான வேலை அல்லவா?

அடுத்து, ஓம் பிரச்சினை. வன்னியில் கத்தோலிக்கக் குடும்பங்கள் எத்தனை என்று பனையடிக்குத் தெரியும். வகுப்பை ஓங்காரத்தோடு தொடங்கினால் அவர்கள் என்ன செய்வார்கள்?

பனையடி (கிளிநொச்சி)

அண்ணா, உங்கள் முதல் கேள்விக்கு என்னிடம் மறுப்பு இல்லை. என் வகுப்புக்கு வரும் இருவர் அந்தப் போராட்டக் கொட்டகையில் இருந்தவர்கள். அவர்களில் ஒருவரிடம் உங்கள் கேள்வியை அப்படியே கேட்டேன். "அங்க இருக்கிறதுக்கும் முதுகு வேணும் தானே" என்றார். அவர்களை அமைதியாக்குவது என் வேலை அல்ல என்பதை நான் எனக்கே சொல்லிக்கொள்ளவேண்டியிருந்தது. "சாந்தமாக இருங்கள்" என்ற சொற்றொடரை வகுப்பிலிருந்து எடுத்துவிட்டேன்.

இரண்டாவதற்கு, யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்திலேயே வழி காட்டியிருக்கிறார். இளைப்பாறும் பயிற்சிகளை மக்களின் சொந்த மரபிலிருந்தே எடுக்கவேண்டும் என்று எழுதியவர் அவர். சைவர்களுக்கு ஓம், கத்தோலிக்கர்களுக்கு இயேசுவின் பெயரோ செபமாலையோ, முஸ்லிம்களுக்கு சுப்ஹானல்லாஹ், பௌத்தர்களுக்குப் புத்தம் சரணம் என்று அவரவருக்குப் பழகிய சொல்லையே மூச்சோடு சேர்க்கும் முறை அது. என் வகுப்பில் சொல் எதுவும் இல்லாமலே தொடங்குகிறோம். மனதுக்குள் சொல்லிக்கொள்பவர் சொல்லிக்கொள்ளட்டும்.

நெறியாளர்

இழை பயனுள்ளதாகப் போகிறது. வகுப்பினரையோ நோயாளிகளையோ அடையாளம் காட்டும் விவரங்களை யாரும் எழுதவேண்டாம். உடனடி உதவி தேவைப்படுபவர்கள் இலங்கையில் 1926, இந்தியாவில் 14416 என்ற மனநல உதவி எண்களை அழைக்கலாம்.

பனையடி (கிளிநொச்சி)

ஆறு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். உங்கள் எல்லோருடைய சொல்லையும் வைத்துச் செய்து பார்த்தேன்.

நாற்காலிகளைக் கோவில் மடத்திலிருந்து இரவல் வாங்கினோம். கதவைத் தாழ்ப்பாள் போடுவதில்லை. பாய்கள் எல்லாம் வாசலைப் பார்த்திருக்கின்றன. அதனால் வாசலுக்கு முதுகு காட்டி அமர்பவள் நான்தான், படலை சத்தம் கேட்டால் நானும் இப்போது திரும்பிப் பார்க்கிறேன். வகுப்பு நடக்கும்போது யாருடைய பின்னாலும் நான் நடப்பதில்லை. விசிறியை நிறுத்தியாயிற்று, வியர்வையோடுதான் வகுப்பு.

உப்பங்கழி அக்கா சொன்ன "லாம்" தான் மிகவும் கடினமாக இருந்தது. "விரும்பினால் நிற்கலாம்" என்றால் 14 பேரும் நின்றார்கள். "விரும்பினால் இருக்கலாம்" என்றால் 14 பேரும் இருந்தார்கள். கடைசியில் சொல்லை விட்டுவிட்டு ஆளை மாற்றினேன். நான் நாற்காலியில் அமர்ந்து கையை உயர்த்தும்போது, என் தங்கை சுவரில் சாய்ந்து நின்று அதையே வேறு விதமாகச் செய்வாள், இன்னொரு பிள்ளை ஒன்றும் செய்யாமல் சன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்படிச் செய்த இரண்டாம் வாரத்தில்தான் ஒருவர் நடுவில் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு, மன்னிப்புக் கேட்காமல் வந்து அமர்ந்தார். அதைத் தங்கையிடம் மூன்று முறை சொல்லிவிட்டேன்.

மாத்தளன் அம்மாவின் வீட்டுக்குப் போனேன். வகுப்பைப் பற்றிப் பேசவில்லை. முருங்கைக்காய் தந்தார், வாங்கி வந்தேன். இரண்டு வாரம் கழித்து அவராகவே வந்து, உள்ளே வராமல் வாசற்படியில் அமர்ந்து, கையை மட்டும் மூச்சோடு உயர்த்தி இறக்கினார்.

போன சனிக்கிழமை நடந்ததைச் சொல்லி ஒரு கேள்வியும் கேட்கவேண்டும். மற்றவர்களில் சிலர், பழையபடி கொஞ்ச நேரம் படுத்துக் கண்ணை மூடினால் நல்லாயிருக்கும் என்றார்கள். எனக்குப் பயமாக இருந்தது. அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் படியிலிருந்தபடியே, "நீங்கள் எல்லாரும் கண்ணை மூடுங்கோ, நான் வாசலைப் பாத்துக்கொள்ளுறன்" என்றார். ஏழெட்டுப் பேர் படுத்தார்கள். ஒருவர் குறட்டையும் விட்டார். ஆறாம் வார்டு ஐயா, எந்நேரமும் விழிப்பாக இருப்பதும் நோயின் அறிகுறிதானே? அவரைக் காவலுக்கு விடுவதால் அதை வளர்க்கிறேனா?

ஆறாம் வார்டு (கோயம்புத்தூர்)

அறிகுறிதான். ஆனால் அவர் தாமாக எடுத்துக்கொண்ட அந்த வேலையை இப்போதைக்கு அவரிடமிருந்து பிடுங்கவேண்டாம். ஒரு மாதம் போகட்டும். பிறகு வேறு யாராவது ஒருவர், நீங்கள் அல்ல, அந்தப் படியில் அவருக்குப் பக்கத்தில் போய் அமர்ந்து, "அக்கா, இண்டைக்கு நான் பாக்கட்டோ" என்று கேட்கட்டும். வேண்டாம் என்று சொன்னால், அதற்கும் அடுத்த மாதம்.